வாயிற்கூட்டம் போட முடியாத இடம்

தொழிற்சங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் படம் ஒன்றுதான். பெரிய இரும்புக் கதவு. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதுகிறது. வெளியே வரும் கூட்டத்தை நோக்கி ஒருவர் உரத்துப் பேசுகிறார், இன்னொருவர் துண்டறிக்கை கொடுக்கிறார். இதற்கு வாயிற்கூட்டம் என்று பெயர். பேசுபவர் ஆண். நின்று கேட்பவர்களும் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் துண்டறிக்கையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். வீட்டில் அடுத்த ஷிப்ட் காத்திருக்கும்.

வாயிற்கூட்டமே போட முடியாத ஒரு வேலையிடத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அது அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகம். அங்கே பேராசிரியர்களும் மாணவர்களும் மட்டும் இல்லை. தட்டச்சர்கள், துறை அலுவலக எழுத்தர்கள், நூலக உதவியாளர்கள், ஆய்வக உதவியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள், உணவுக்கூடப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். அலுவலகப் பணிகளில் இருப்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். இவர்களிடம் ஒரு சங்கம் எங்கே பேசலாம், எந்த நேரத்தில் பேசலாம், எதன் வழியாகச் செய்தி அனுப்பலாம் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. அணுகல் விதிகள் என்று அவற்றைச் சொல்லலாம். சட்டப் புத்தகத்தில் அவை வறண்ட வரிகளாகத்தான் கிடக்கின்றன. நான் அவற்றைப் பெண்களின் வரலாறாகப் படிக்கிறேன். ஒரு பெண் யாரோடு, எங்கே, எப்போது பேசலாம் என்று இன்னொருவர் வகுத்துக் கொடுப்பது நமக்குப் புதிய செய்தி அல்லவே.

முதலில் பொது விதியைப் பார்ப்போம். அமெரிக்காவில் தனியார் துறைத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கும் உரிமையை 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் அங்கீகரித்தது. ஆனால் உரிமை இருக்கிறது என்று தொழிலாளிக்குச் சொல்ல ஒருவர் அவரை நெருங்க வேண்டும். அந்த நெருக்கம் முதலாளியின் நிலத்தில் நிகழலாமா? 1945இல் ரிபப்ளிக் ஏவியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோட்டை ஏற்றுக்கொண்டது. வேலை நேரம் வேலைக்கு உரியது. உணவு இடைவேளை போன்ற சொந்த நேரத்தில், ஆலைக்குள்ளேயே ஆனாலும், தொழிலாளி சக தொழிலாளியிடம் சங்கம் பற்றிப் பேசலாம். 1956இல் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் வழக்கில் இரண்டாவது கோடு விழுந்தது. வெளியிலிருந்து வரும் சங்க அமைப்பாளரை, அவர் தொழிலாளர்களை வேறு வழியில் சென்றடைய முடியும் என்றால், வாகன நிறுத்துமிடத்துக்குள்கூட விட வேண்டியதில்லை. அந்த வேறு வழிகள் என்னென்ன? கடிதம் போடலாம். தொலைபேசியில் அழைக்கலாம். தெருவில் பார்த்துப் பேசலாம். வீட்டுக்குப் போகலாம்.

முதலாளியின் பேச்சுக்கு இந்தக் கோடுகள் இல்லை. சம்பளம் கொடுக்கும் நேரத்திலேயே எல்லாரையும் கூட்டி உட்கார வைத்து, சங்கம் ஏன் வேண்டாம் என்று விளக்கலாம். அதே கூட்டத்தில் பதில் சொல்லச் சங்கத்துக்கு இடம் தர வேண்டியதில்லை. தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 1953இல் இப்படி முடிவு செய்தது. பல பதிற்றாண்டுகள் அதுவே நடைமுறையாக இருந்தது.

இந்தக் கோடுகளைப் போட்டவர்களின் கண்முன் இருந்தது ஆலை என்பது தெளிவு. வேலை நேரம் முடிந்தால் சங்கு ஊதும். இயந்திரம் இருக்கும் கூடம் ஒன்று, சாப்பாட்டுக் கூடம் வேறொன்று. நேரத்துக்கும் இடத்துக்கும் எல்லை உண்டு.

இப்போது ஒரு துறை அலுவலகத்தின் செயலாளரை எண்ணிப் பாருங்கள். நானும் சில ஆண்டுகள் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்திருக்கிறேன் என்பதால் அந்த மேசையை எனக்குத் தெரியும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு தொலைபேசியை எடுப்போம். ஒரு மாணவி விண்ணப்பத்தோடு வந்து நிற்பாள், டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போவோம். அது வேலை நேரமா, சொந்த நேரமா? அந்த மேசை வேலையிடமா, உணவிடமா? ஒரு கட்டடத்தில் இரண்டு பேர், அடுத்ததில் மூன்று பேர் என்று சிதறிக் கிடக்கும் இந்தப் பெண்களுக்கு எல்லாரும் சேர்ந்து வெளியே வரும் ஒரு வாசலே கிடையாது. மேலதிகாரி பக்கத்து அறையில் இருக்கிறார், கதவும் திறந்திருக்கிறது. அவர் கொடுமைக்காரராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நல்லவராக, பிறந்தநாளுக்குப் பூக்கொத்து தருபவராக இருந்தால் அவர் காதில் விழும்படி சம்பளத்தைப் பற்றிப் பேசுவது இன்னும் கடினம்.

‘வேறு வழி’ என்று நீதிமன்றம் சுட்டிய வீட்டையும் பாருங்கள். 1966இல் எக்செல்சியர் என்ற வழக்கில், தேர்தல் நடக்கும்போது தொழிலாளர்களின் பெயர், முகவரிப் பட்டியலை முதலாளி கொடுக்க வேண்டும் என்று வாரியம் உத்தரவிட்டது. சங்கங்களுக்கு அது பெரிய வெற்றிதான். ஆனால் மாலை ஏழு மணிக்குச் சங்கத்துக்காரர் கதவைத் தட்டும்போது ஆண் தொழிலாளி நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார். பெண் தொழிலாளியோ அடுப்பில் ஒரு கண்ணும் குழந்தையின் வீட்டுப்பாடத்தில் ஒரு கண்ணுமாக நின்றபடி பேசுவாள். கதவைத் திறப்பவர் கணவராகவும் இருக்கலாம். ஆணுக்கு வீடு என்பது வேலை முடிந்த இடம். அந்த எண்ணத்தின் மேல்தான் இந்த விதி எழுந்து நிற்கிறது.

இந்த அரைகுறை விதிகூடப் பல்கலைக்கழகப் பெண்களுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. கல்வி நிறுவனம் வணிகம் செய்வதில்லை என்று சொல்லி, 1951இல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் வாரியம் ஒதுங்கிக்கொண்டது. 1970இல் கார்னெல் பல்கலைக்கழக வழக்கில்தான் தனியார் பல்கலைக்கழகங்கள் தன் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்று ஏற்றது. கல்வி புனிதமானது, அங்கே வேலை செய்வது சேவை, சேவைக்குச் சங்கம் எதற்கு என்ற வாதம் பெண்கள் செய்யும் வேலைகளைத் தேடித் தேடி ஒட்டிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேரன் நுஸ்பாம் தட்டச்சராக வேலை பார்த்தார். ஒருநாள் ஒரு மாணவர் உள்ளே வந்து, மேசையில் உட்கார்ந்திருந்த அவரையே பார்த்து, இங்கே யாரும் இல்லையா என்று கேட்டதை அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அவரும் எல்லன் கேசடியும் வேறு சில அலுவலகப் பெண்களும் சேர்ந்து பாஸ்டனில் ‘நைன் டு ஃபைவ்’ என்ற அமைப்பை 1973இல் தொடங்கினார்கள். அலுவலகத்துக்குள் போக வழியில்லாததால், காலையில் வேலைக்கு வரும் பெண்களுக்குத் தெருவில் நின்று செய்திமடல் கொடுத்தார்கள். அலுவலகப் பெண்களுக்கு இல்லாத வாசலை அவர்கள் தெருவிலேயே உண்டாக்கிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹார்வர்டின் உள்ளே நடந்தது இன்னொரு கதை. மருத்துவப் பள்ளிப் பகுதியின் அலுவலக, தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்க முயன்று 1977இலும் 1981இலும் தேர்தலில் தோற்றார்கள். ஆய்வக உதவியாளராக இருந்து அமைப்பாளராக மாறிய கிரிஸ் ரொண்டோவும் அவருடைய தோழிகளும் அந்தத் தோல்விகளிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். காகிதத்தை நம்ப வேண்டாம், ஆளுக்கு ஆள் பேசுவோம். துண்டறிக்கையைப் பெரும்பாலும் ஒதுக்கினார்கள். ஒருத்தியோடு ஒருத்தி, காபி குடிக்கும் நேரத்தில், சாப்பாட்டு இடைவேளையில், ஒரு முறை அல்ல, பல முறை, ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். அணுகல் விதி வெளியாளைத்தான் தடுக்கும். பக்கத்து மேசைத் தோழியை அதனால் தடுக்க முடியாது. கோட்டின் அந்தப் பக்கத்திலேயே நின்று அவர்கள் சங்கத்தைக் கட்டினார்கள். ‘சங்கத்தை ஆதரிப்பது ஹார்வர்டை எதிர்ப்பது அல்ல’ என்பது அவர்களுடைய முழக்கம். பெருமையைச் சாப்பிட முடியாது என்பது இன்னொன்று.

1988 மே 17 அன்று தேர்தல் நடந்தது. ஆதரவு 1,530, எதிர்ப்பு 1,486. வித்தியாசம் 44 வாக்குகள். அப்போது ஹார்வர்டின் தலைவராக இருந்தவர் டெரெக் போக், தொழிலாளர் சட்டம் கற்பித்த பேராசிரியர். அவருடைய நிர்வாகம் சங்கத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்தது, முடிவை எதிர்த்து வாரியத்திடமும் போனது. முறையீடு தள்ளுபடியான பிறகு முடிவை ஏற்றது. முதல் ஒப்பந்தம் 1989இல் வந்தது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் யேல் பல்கலைக்கழகத்தில் இதைவிடக் குறைந்த வித்தியாசம். 1983 மே மாதத்தில் அலுவலக, தொழில்நுட்ப ஊழியர்களின் 34ஆம் எண் சங்கம் 39 வாக்குகளில் வென்றது. ஒப்பந்தத்துக்காக 1984 இலையுதிர்காலத்தில் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்புரவு, உணவுக்கூட, பராமரிப்புப் பணியாளர்களின் 35ஆம் எண் சங்கத்தினர் மறியல் கோட்டைத் தாண்ட மறுத்துத் துணை நின்றார்கள். பெண்கள் செய்வதால் ஒரு வேலைக்குக் குறைந்த மதிப்பா என்ற கேள்வியை அந்தப் போராட்டம் நாடு முழுக்கக் கேட்க வைத்தது. 44, 39 என்ற இந்தச் சிறிய எண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நாற்பது பெண்களோடு ஒரு காபி நேரம் பேசக் கிடைத்ததா இல்லையா என்பதில் ஆயிரக்கணக்கான பெண்களின் சம்பளமும் ஓய்வூதியமும் குழந்தை பராமரிப்பும் தொங்கிக்கொண்டிருந்தன. அணுகல் என்பது நடைமுறைச் சிக்கல் மட்டும் என்று யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டலாம்.

ஹார்வர்டும் யேலும் தனியார் நிறுவனங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தந்த மாநிலத்தின் சட்டம். கலிஃபோர்னியா இதில் வேறு பாதையில் போனது. 1979இல் அங்கே நடைமுறைக்கு வந்த உயர்கல்விப் பணி உறவுச் சட்டம், அணுகலைச் சங்கத்தின் உரிமையாகவே எழுதி வைத்தது. அதன்படி, நியாயமான ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு, நியாயமான நேரங்களில், ஊழியர்கள் வேலை செய்யும் பகுதிகளுக்கே சங்கம் போகலாம். நிறுவனத்தின் அறிவிப்புப் பலகை, கடிதப்பெட்டி, பிற தொடர்பு வழிகளைப் பயன்படுத்தலாம். கூட்டம் நடத்த வளாகத்தின் அறைகளையும் கேட்கலாம்.

தனியார் துறை விதியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். அங்கே வெளியாள் வாகன நிறுத்துமிடத்திலேயே நிற்க முடியாது. இங்கே வேலை செய்யும் பகுதிக்கே வரலாம். வாசல் இல்லாத வேலையிடத்துக்கு ஏற்ற விதி இதுதான், மேசைக்குப் போகும் விதி. ஆனால் ‘நியாயமான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எது நியாயமான நேரம், எது நியாயமான இடம் என்பதற்கான ஒழுங்குவிதிகளை எழுதும் கை நிர்வாகத்தின் கை. நோயாளிகள் இருக்கும் பகுதிக்கும் ஆபத்தான ஆய்வகத்துக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. சாதாரண அலுவலகத்திலும் வரவேற்பறையிலும் அதே கட்டுப்பாட்டைப் போடும்போதுதான் சச்சரவு வருகிறது. விதி நியாயமற்றது என்றால் பொதுத்துறைப் பணி உறவு வாரியத்திடம் முறையிடலாம். ஆகவே அந்த ஒற்றைச் சொல்லைச் சுற்றித்தான் வழக்குகள் சுழன்றன.

அவற்றில் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஓர் உள்அஞ்சல் ஏற்பாடு இருந்தது. அலுவலகத்துக்கு அலுவலகம் கடிதங்களைக் கொண்டுபோகும் பை. அதில் தபால்தலை ஒட்டாமல் ஊழியர்களுக்குக் கடிதம் அனுப்பச் சங்கம் கேட்டது. சட்டத்தில் ‘கடிதப்பெட்டி, பிற தொடர்பு வழிகள்’ என்று எழுதியிருக்கிறதே என்றது. பல்கலைக்கழகம் மறுத்தது. கடிதம் சுமக்கும் தனியுரிமை அரசு அஞ்சல் துறைக்கே உண்டு என்ற கூட்டாட்சிச் சட்டத்தைக் காட்டியது. மாநில வாரியம் சங்கத்தின் பக்கம் நின்றது. 1988 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தன் சொந்த நடப்பு அலுவல் தொடர்பான கடிதத்தைத்தான் ஒரு நிறுவனம் அப்படித் தானே சுமக்கலாம், சங்கத்தின் கடிதம் பல்கலைக்கழகத்தின் அலுவல் அல்ல என்பது தீர்ப்பின் சாரம். ஹார்வர்ட் பெண்கள் வாக்களிக்கச் சில வாரங்களே இருந்த நேரம் அது.

சட்டநுணுக்கத்தில் அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். என்னை உறுத்துவது வேறு. துறை அலுவலகங்களில் தினமும் அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்வதும், மடித்து உறையிலிடுவதும், வந்தவற்றைப் பிரித்து மேசை மேசையாக வைப்பதும் யார்? அலுவலகப் பெண்கள்தான். அவர்கள் கைபடாமல் அந்த ஏற்பாடு ஒரு நாளும் ஓடாது. அந்தப் பெண்களின் கூலியைப் பற்றி அவர்களுக்கே எழுதப்பட்ட கடிதம் மட்டும் ‘அலுவல் அல்ல’ என்று ஆகிவிட்டது. மற்ற எல்லாருடைய செய்தியையும் கொண்டுசேர்க்கும் ஒருத்திக்கு, அவளுக்கான செய்தி அந்தப் பையில் வராது. இதைப் படித்தபோது, ஊருக்கே சமைத்துவிட்டுக் கடைசியில் தான் சாப்பிட உட்காரும் பெண்ணின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அணுகல் உரிமை ஒருமுறை வந்துவிட்டால் நிலைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அதே கலிஃபோர்னியாவில், பண்ணைத் தொழிலாளர்களைச் சந்திக்கச் சங்கத்தினர் நிலத்துக்குள் வரலாம் என்று 1975இல் ஒரு விதி வந்தது. நாளுக்கு மூன்று மணி நேரம், ஆண்டுக்கு 120 நாள் வரை. வயலிலேயே வேலை செய்து அங்கேயே தங்கி இடம்பெயர்ந்துகொண்டிருக்கும் மக்களை வேறெங்கே பார்ப்பது? 2021இல் சீடர் பாயிண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதி நில உரிமையாளரின் சொத்தைப் பறிப்பதாகும் என்றது. அரசுப் பல்கலைக்கழகத்தின் நிலம் தனியார் சொத்து அல்ல என்பதால் வளாக விதிக்கு அந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் நிலத்தின் உரிமையும் அதில் உழைப்பவளின் உரிமையும் மோதினால் தராசு எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறது என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

வளாகத்தில் திசை வேறாக இருந்தது. அரசு ஊழியர்களிடம் சங்கக் கட்டணத்தைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுக்கப்போகிறது என்பது தெரிந்தே இருந்தது. 2018 ஜூனில் ஜேனஸ் வழக்கில் அதுதான் நடந்தது. அதற்கு ஓராண்டு முன்பே கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொதுத்துறையில், அரசுப் பல்கலைக்கழகங்கள் உட்பட, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நடக்கும் அறிமுகக் கூட்டத்தில் அவர்களுடைய சங்கத்துக்கும் இடம் தர வேண்டும். பத்து நாள் முன்பே சங்கத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம், எப்படி என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும். பெயர், பணி, வேலையிடம், தொலைபேசி, மின்னஞ்சல், வீட்டு முகவரி ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது முதல் பகுதி. வேலையில் சேரும் முதல் நாட்களிலேயே, சம்பளத்தோடு கூடிய நேரத்தில், எல்லாரும் ஓர் அறையில் இருக்கும்போது, நிர்வாகத்தின் குரலோடு சங்கத்தின் குரலையும் அவள் கேட்கிறாள். சாப்பாட்டு இடைவேளையைத் தியாகம் செய்ய வேண்டாம். இருட்டிய பிறகு கூட்டத்துக்குத் தனியாகப் போக வேண்டாம். குழந்தையை யாரிடம் விடுவது என்று தவிக்க வேண்டாம். நிர்வாகத்துக்கு எப்போதும் இருந்த வசதியில் ஒரு துண்டு இப்போதுதான் இந்தப் பக்கமும் வந்திருக்கிறது.

இரண்டாவது பகுதியைப் பெண்ணியவாதிகளாகிய நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் ஒரு பட்டியலில் இருப்பது எல்லாப் பெண்களுக்கும் ஒரே பொருள் கொண்டதல்ல. அடித்துத் துன்புறுத்திய கணவரிடமிருந்து தப்பி வாழும் ஒருத்திக்கு முகவரி என்பது உயிர். வீட்டு முகவரியையும் எண்ணையும் வெளியிட வேண்டாம் என்று ஊழியர் எழுதிக் கேட்கும் வழி அங்கே உண்டு. அந்த வழி இருப்பதை முதல் நாளே அவளுக்குச் சொல்லும் சங்கம்தான் அவளுடைய சங்கம் என்பேன். அவளைச் சென்றடையும் உரிமை சங்கத்துக்கு உண்டு என்றால், தன்னை எங்கே சந்திக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அவளுக்கும் உண்டு.

எண்பது ஆண்டு வழக்குகளைப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. தீர்ப்புகளில் பேசப்படுபவை எல்லாம் முதலாளியின் சொத்தும் சங்கத்தின் உரிமையும்தான். நடுவில் மேசையில் உட்கார்ந்திருப்பவள் ‘சென்றடைய வேண்டிய’ ஒரு பொருளாக மட்டும் வந்துபோகிறாள். ஹார்வர்டிலும் யேலிலும் வென்ற பெண்கள் யாரோ வந்து தங்களைச் சென்றடையட்டும் என்று காத்திருக்கவில்லை. தாங்களே போனார்கள், தாங்களே பேசினார்கள்.

ஆகவே மாணவிகளே, உங்கள் கல்லூரியிலோ வேலையிடத்திலோ இப்படியொரு விதித்தாள் கையில் கிடைத்தால் அதை ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். மூன்று கேள்விகளோடு படியுங்கள். இந்த விதி குறிப்பிடும் ‘ஓய்வு நேரம்’ அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு உண்மையில் இருக்கிறதா? இது காட்டும் ‘பொது இடம்’ அவள் பயமின்றிப் போய் நிற்கக்கூடிய இடமா? ‘நியாயமான’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுதிய அறையில் அவளும் உட்கார்ந்திருந்தாளா? மூன்றுக்கும் இல்லை என்பது பதிலானால், அந்த விதியில் உரிமை என்று எழுதியிருந்தாலும் அவள் கைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.